மாரி என்றால் வா

பினாங்கில் பொழுது புலர்வதற்குச் சற்று முன்பு, சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஒட்டுக்கடை போட்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்து, "மாரி, மாரி" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் அது சாமியின் பெயர். கோடை வெயிலில் வேப்பிலையும் கூழுமாக வரும் பெயர். மழைக்கும் அதுதான் பெயர். கடல் தாண்டி வந்த முதல் நாள் காலையில் ஒரு மலாய்க்காரர் வாயிலிருந்து அது வந்ததும் உடம்பு ஒரு கணம் சிலிர்த்துப்போனது. பக்கத்து மேசையில் இருந்த தமிழ் இளைஞர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கண்ணே. மலாய்ல மாரின்னா வா. பசியாறக் கூப்பிடுறாரு."

பசியாற. இந்தச் சொல்லைச் செட்டிநாட்டுப் பெரியவர்களிடமும் கீழக்கரை முஸ்லிம் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நம் நகரங்களில் 'டிபன்' வந்து அதைத் தள்ளிவிட்டு வெகுகாலம் ஆகிறது. மலேசியத் தமிழர்களிடம் அது இன்னும் அன்றாடச் சொல். காலையில் எதிர்ப்படும் யாரும் "பசியாறியாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஓரத்தில் சிவப்புச் சம்பால், பொரித்த நெத்திலி, வறுத்த வேர்க்கடலை, அரை முட்டை, இரண்டு வெள்ளரித் துண்டு. சோற்றிலிருந்து எழுந்தது பாண்டான் இலையின் வாசனை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ரம்பை என்று கறியில் போடுவார்களே, அதே இலை. இது நாசி லெமாக், மலாய்க்காரர்களின் சோறு. எதிரே ஒரு சீனக் கிழவர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். அது நம் பரோட்டாவின் உறவு, தமிழ் முஸ்லிம் கடைகளில் வளர்ந்தது. எல்லோர் முன்னாலும் தே தாரிக், உயரத் தூக்கி ஆற்றிய நுரைத் தேநீர். 2024-இல் யுனெஸ்கோ இந்த மூன்றையும் முன்வைத்து, பல இன மக்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பசியாறும் இந்த வழக்கத்தையே மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலை நேரத்து மேசைக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கும் தூரம்தான். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இத்தீவைக் கைக்கொண்ட பிறகு எழுந்த நகரம் இது. 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து புறப்பட்டால், ஊதுபத்திப் புகை மூட்டத்துக்குள் குவான் யின் கோயில். சற்றுத் தள்ளி, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கும் அப்பால் கபித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் அதை நிறுவியவர் காதர் முகைதீன். தென்னிந்தியர்களுக்குத் தலைவராக ஆங்கிலேயர் அமர்த்திய 'கபித்தான்' அவர்.

'கிளிங்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலிங்கம் என்ற பெயரின் வழி வந்தது என்பார்கள். பல நூறு ஆண்டுகள் தென்னிந்தியக் கடலோடிகளையும் வணிகர்களையும் மலாய் உலகம் அப்படித்தான் அழைத்தது. அன்று அது இகழ்ச்சி இல்லை. இன்று அதே சொல்லை ஒரு தமிழரை நோக்கிச் சொன்னால் அது வசை. பள்ளிக்கூட மைதானத்தில் அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் அது கம்பீரமாக இருக்கிறது, தெருவில் அது சுடுகிறது. ஒரு சமூகம் வணிகராக வந்து மதிக்கப்பட்டதும், பின்னாளில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டுத் தாழ்த்தப்பட்டதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் லிட்டில் இந்தியாவின் பூசைச் சாமான் கடைகள் தயாராகிவிட்டன. ஒரு கடையில் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி ஒருவர் தேங்காய்க்குச் சொல்லிவைக்க வந்திருந்தார். மகனுக்கு உடம்பு தேறினால் முருகனுக்கு உடைப்பதாக வேண்டிக்கொண்டாராம். தேறிவிட்டான். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு, "எந்தச் சந்தியில இறக்கணும்?" என்று மட்டும் கேட்டார். 1894-இல் நகரத்தார் காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் சீனர்கள் தேங்காய்களைக் குவித்துவைத்து உடைப்பார்கள். சிதறிய ஓடுகளையும் தேங்காய்த் தண்ணீரையும் தள்ள இயந்திரம் வரவேண்டியிருக்கும். அந்தப் பெண்மணி கடையைவிட்டு இறங்கும்போது, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்து ஊதுபத்தி பிடிப்பதுபோல் இரு கைகளையும் கூப்பி மூன்று முறை குலுக்கினார். அது சீனக் கும்பிடு. முருகனுக்குப் புரிந்திருக்கும்.

இன்னொன்றையும் பினாங்கில் பார்க்காமல் வர மனமில்லை. 1816 அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வி அந்த நாளிலிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசின் கீழ் நடக்கின்றன. ரப்பர் தோட்டங்களின் தகரக் கொட்டகைகளில் தொடங்கிய பள்ளிகளே அவற்றில் பல. பால்மரக் காட்டில் வேலை பார்த்த தாய்மார்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போனார்கள். தமிழ் இங்கே தப்பிப் பிழைத்த கதை அது. மொழி இருந்தால்தான் நாம் நாம் என்று அதுவரை நான் முழுமையாக நம்பியிருந்தேன். மலாக்காவுக்குப் பேருந்து ஏறும்போதும் அந்த நம்பிக்கையோடுதான் ஏறினேன்.

பகல் முழுக்கப் பேருந்துப் பயணம். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள், ஒரே உயரம், ஒரே நிறம், முடிவே இல்லாமல். மலாக்கா பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட டாக்சிக்காரர் தமிழர். நாற்பது வயதிருக்கும். அவர் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஐந்து நாளும் அவரே எனக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

வழியில் பேச்சு மகளின் பள்ளிப் படிவத்துக்குப் போனது. இந்த நாட்டில் பல படிவங்களில் 'இனம்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நான்கு கட்டம் இருக்கும் என்றார். மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று பொருள். "நாலு கட்டத்துல நாடே அடங்கிருச்சு பாருங்கண்ணே" என்றார். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். 1969 மே 13-இல் கோலாலம்பூரில் வெடித்த இனக் கலவரத்தை அவர் தகப்பனார் சிறுவனாக இருந்து பார்த்தவர். ஆளை முகத்தைப் பார்த்துக் கட்டத்தில் அடைத்த நாள் அது.

லாயின்-லாயின் என்ற கட்டத்தைக் கேட்டதும் எனக்கு முன்பொரு முறை போன சரவாக் ஞாபகத்துக்கு வந்தது. ஆற்றோரம் ஓர் இபான் நீளவீடு. பல குடும்பங்களின் அறைகள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டின் நீளத்துக்கு ஓடும் ஒரே திண்ணை. அதை ருவாய் என்பார்கள். அங்கே பூவா கும்பு என்ற துணி நெய்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி, நூல் சாயம் பிடிக்கும்படி அதைப் பதப்படுத்தும் சடங்கை இபான்கள் பெண்களின் போர் என்று சொல்வதை எனக்கு விளக்கினார். ஆண்கள் போருக்குப் போன காலத்தில் அதற்கு ஈடான வீரமாக எண்ணப்பட்ட வேலை. படிவத்தின் நான்காவது கட்டத்துக்குள் அப்படிப் பல உலகங்கள் இருக்கின்றன.

மலாக்கா சிறிய ஊர். ஒருகாலத்தில் உலகத்தின் வாசல். 1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் என்ற இளவரசன் நிறுவிய துறைமுகம். 1511-இல் போர்த்துக்கேயர், 1641-இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1512 முதல் 1515 வரை இங்கிருந்த தொமே பிரெஸ் என்ற போர்த்துக்கேயர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதிவைத்தார். பருவக்காற்றைப் பிடித்துவரும் கப்பல்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இங்கே காத்திருந்தாக வேண்டும். காத்திருப்பவன் வீடு எடுப்பான், சந்தைக்குப் போவான், பெண் கட்டுவான். மலாக்காவின் கலப்புக்கு மூலகாரணம் பருவக்காற்று என்பதே என் எண்ணம்.

பழைய நகரின் தட்டார் தெருவில் முதலில் வருவது பொய்யாத விநாயகர் கோயில், 1781-இல் டச்சுக்காரர் தந்த நிலத்தில் எழுந்தது. சில கடைகள் தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சில அடிகளில் செங் ஹூன் தெங், நாட்டின் மிகப் பழைய சீனக் கோயில், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கூரைமேல் இருக்கும் பூக்களும் பறவைகளும் பீங்கான் கிண்ணங்களை வெட்டிய துண்டுகளால் ஒட்டப்பட்டவை.

என்னைக் கட்டிப்போட்டது பள்ளிவாசல். 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பி, 1872-இல் செங்கல்லால் திரும்பக் கட்டியது. கூரை குவிமாடமாக இல்லை. சுமத்திராவிலும் ஜாவாவிலும் இருப்பதுபோல மூன்று அடுக்காக, கூம்பாக ஏறுகிறது. மினாரா ஒரு சீனப் பகோடா போல நிற்கிறது. உள்ளே தூண்களின் தலைப்பில் கிரேக்க பாணி இலைக் கொத்து. தரையிலும் சுவரிலும் ஐரோப்பாவிலிருந்து வந்த பளபளப்பு ஓடுகள். தொழுகைக் கூடத்தின் நடுவே ஆங்கிலேய வீட்டு விருந்தறைக்கு ஏற்ற ஒரு சரவிளக்கு. கொத்தனார் சீனராக, தச்சர் மலாய்க்காரராக, பணம் கொடுத்தவர் தமிழராக இருந்திருந்தால் எப்படி வருமோ அப்படி இருக்கிறது அந்தக் கட்டடம். பிற்பகல் வெயிலில் குளத்தங்கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கோயிலில் மணியடித்தது.

அடுத்த நாள் ஹீரன் தெருவில் ஒரு பாபா வீடு. சீன வணிகர்களுக்கும் இங்கத்தியப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் பாபா-நியோன்யா சமூகத்தார். ஆண் பாபா, பெண் நியோன்யா. வீடு முகப்பில் ஒடுக்கம், உள்ளே போகப்போக நீண்டுகொண்டே இருக்கிறது. நடுவில் நம் ஊர் முற்றம் போல வானம் பார்த்த இடம். மாடித் தரையில் ஒரு சிறு துளை. கீழே வாசலில் வந்து நிற்பவர் யார் என்று மேலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். கண்ணாடிப் பெட்டியில் மணி கோத்த செருப்புகள். ஒவ்வொரு மணியும் கடுகளவு. சிவப்பும் இளஞ்சிவப்பும் திருமணத்துக்கு. நீலமும் பச்சையும் துக்கம் காக்கும் காலத்துக்கு. பேரனின் திருமணத்துக்காகக் கோத்துக்கொண்டே ஒரு பாட்டியின் பார்வை மங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நியோன்யாக்களை அறிய அடுக்களைக்குத்தான் போக வேண்டும். வீட்டிலேயே சிறிய உணவகம் நடத்தும் அம்மையார் ஒருவர் என்னைத் தன் அடுக்களையில் உட்காரவிட்டார். அன்று கெலுவாக் கோழி. கெலுவாக் என்பது கெப்பாயாங் மரத்தின் கொட்டை. பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு. வேகவைத்து, சாம்பலில் நாற்பது நாள் புதைத்து, பிறகு பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே அது உணவாகும். அவர் கொட்டையின் முனையில் சிறு உளியால் தட்டி ஒரு வாய் திறந்தார். உள்ளே தார் போலக் கறுத்த சதை. சிறு கரண்டியால் சுரண்டி எடுத்து, முகர்ந்து பார்த்தார். இரண்டை ஒதுக்கினார். மிச்சத்தை இறாலோடு உரலில் இடித்துத் திரும்பவும் ஓட்டுக்குள்ளேயே அடைத்தார். குழம்பில் புளி, எலுமிச்சைப்புல், மஞ்சள், மிளகாய், பெலாச்சான் என்ற கூனிக் கருவாட்டுக் கட்டி. பன்றியிறைச்சி சேர்க்கும் சீனக் கையும், சம்பால் இடிக்கும் மலாய்க் கையும் ஒன்றான சமையல். தட்டில் வந்தபோது கரண்டி தரவில்லை. "கையால்" என்று காட்டினார். நியோன்யாக்கள் கையால்தான் உண்பார்கள்.

"கெப்பாயாங் போதை" என்றால் மலாயில் காதல் பித்து. நஞ்சை நாற்பது நாள் காத்திருந்து உணவாக்கக் கற்றவர்களிடம்தான் அப்படி ஒரு சொல் பிறக்கும். முன்பெல்லாம் பெண் பார்க்க வருபவர்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே உள்ளிருந்து வரும் உரல் சத்தத்தைக் கேட்டுப் பெண்ணின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று அம்மையார் சொன்னார். அவர் இடித்ததைக் கேட்டேன். இரண்டு கனமான இடி, ஒரு மெல்லிய சுழற்சி. மூன்றாவது முறைக்குள் என் காலும் தாளம் போட்டது.

அன்றிரவு டொண்டாங் சாயாங் என்ற பாட்டின் ஒத்திகை ஒன்றுக்கு டாக்சி நண்பர் அழைத்துப்போனார். வயலின், ரெபானா என்ற பறை, ஒரு சேகண்டி. நாட்டுச் சட்டை போட்ட மலாய்ப் பெரியவர் பாந்துன் ஒன்றைப் பாடுகிறார். எதிரே நியோன்யாப் பெண்மணி அந்த இடத்திலேயே கட்டிப் பதில் பாடுகிறார். நம் எசப்பாட்டு அப்படியே கண்முன் வந்தது. பாந்துன் நான்கடி. முதல் இரண்டடியில் ஆறோ மரமோ பறவையோ வரும். பின்னிரண்டில் மனசு வரும். முன்னதற்கும் பின்னதற்கும் வெளிப்படையான தொடர்பு இருக்காது. கேட்பவர் இழுத்துக் கட்ட வேண்டும். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்தும் பாட்டில் வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகவே படவில்லை. 2018-இல் யுனெஸ்கோ டொண்டாங் சாயாங்கைப் பட்டியலில் சேர்த்தபோது, மலாய்க்காரர், பாபா-நியோன்யா, மலாக்கா செட்டி, போர்த்துக்கேயர் என்று நான்கு சமூகங்களின் பாட்டாகவே இது இருந்தது. படிவத்தின் நான்கு கட்டங்களோடு இந்த நான்கு பேரையும் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை.

அந்த நான்கில் போர்த்துக்கேயர் குடியிருப்பு ஊஜோங் பாசிர் கடலோரத்தில் இருக்கிறது. கிரிஸ்தாங் மக்கள், ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய போர்த்துக்கேயத்தை மலாயோடு கலந்து பேசுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் கிரியோல் இதற்கு உறவு. கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சியை வினிகரும் கடுகும் மிளகாயும் சேர்த்து வற்றவைக்கும் தெபால் கறியை ஒரு வீட்டில் ருசி பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. "முத்து மெர்சே" என்றால் மிக்க நன்றி. அதைச் சொல்லிவிட்டு வந்தேன். கரையில் இளைஞர்கள் சிலர் கூனி பிடிக்கும் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். கடலை மண் கொட்டி நிரப்பிக்கொண்டே போவதால் கூனி குறைந்துகொண்டே வருகிறது என்றார்கள்.

நான் வந்தது அந்த நான்கில் எஞ்சிய மலாக்கா செட்டிகளைப் பார்க்க. போகி அன்று காலை காஜா பேராங் போனோம்.

கம்போங் செட்டி ஒரு தெருவும் சில சந்துகளும்தான். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நடுவில் சில பத்துக் குடும்பங்கள். வாசல்தோறும் மாவிலைத் தோரணம். "நம்ம ஆளுங்கதான். ஆனா தமிழ் வராது லா" என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். நம் வாசகர்கள் குழம்பிவிடக் கூடாது: இவர்கள் நகரத்தார் அல்லர். நகரத்தார் ஆங்கிலேயர் காலத்தில் வட்டித்தொழிலுக்கு வந்தவர்கள். மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த வணிகர்கள். போர்த்துக்கேயர் ஊரைப் பிடித்ததும், நைனா சாத்து என்று அவர்கள் குறிப்புகள் சொல்லும் தமிழ் வணிகரைப் பெந்தாஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தினார்கள், அவ்வளவு செல்வாக்கு. டச்சுக்காரர் காலத்தில் வணிகம் கைநழுவியது. நகரை விட்டு இந்தப் புறத்துக்கு வந்து நிலத்தில் இறங்கினார்கள். வந்த ஆண்கள் மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். மதம் மாறவில்லை. சைவம் இன்றுவரை நிற்கிறது.

1822-இல் கட்டிய முத்து மாரியம்மன் கோயில் தெருவின் நடுவே இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். டத்தோ என்பது பெரியவர்களுக்கான மரியாதைப் பெயர். அம்மை நோயைத் தாயாக்கி 'அம்மை' என்றே அழைத்த நம் மனம், வேறொரு மொழிக்குள் போய் அதே வேலையைத் திரும்பச் செய்திருக்கிறது. அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றேன். கறுத்த முகம், எண்ணெய் மினுக்கம், வேப்பிலை. எதுவும் மாறவில்லை.

எங்களை அழைத்திருந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பதை நெருங்கும் வயது. எல்லோரும் அவரை நெனேக் என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பூப்போட்ட சாரோங், வெள்ளைக் கெபாயா, நெற்றியில் திருநீறு. சுவரில் மாமனாரின் பழைய படம், தலையில் செட்டித் தலைப்பாகை. நெனேக் அடுக்களைத் தரையில் அம்மியின் முன் உட்கார்ந்திருந்தார். காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் குழவிக்கடியில் நசுங்கிச் சாறு கக்கின. குழவியை முன்னே தள்ளும்போது மூச்சை விட்டு, இழுக்கும்போது வாங்கி, என் அம்மாச்சி அரைத்த அதே சீர். பக்கத்தில் மருமகள் கான்டா கஸ்தூரி சுட்டுக்கொண்டிருந்தாள். வேகவைத்த பாசிப்பயறும் தேங்காயும் பனைவெல்லமும் உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போடுவது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். சுகியன். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சுடும் சுகியன், கொஞ்சம்கூட மாறாமல்.

நெனேக் பேசியது முழுக்க மலாய். கேட்டுக்கொண்டே இருந்தபோது அதற்குள்ளிருந்து சொற்கள் தெரிய ஆரம்பித்தன. கெடாய் என்றார், கடை. காத்தில் என்றார், கட்டில். திராய், திரை. மாம்பழத்தை மெம்பெலாம் என்றார். கோயில் அவர் வாயில் குயில் ஆயிற்று. இவை செட்டிகளுக்கு மட்டும் உரிய சொற்கள் அல்ல, மலாய் மொழியே நூற்றாண்டுகளுக்கு முன் எடுத்துக்கொண்டவை. இந்த நாட்டில் கடைக்குப் போகும் ஒவ்வொரு மலாய்க்காரரும் நம் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்.

வந்ததிலிருந்து நெஞ்சில் இருந்த கேள்வியை நண்பர் வழியாகக் கேட்டேன். தமிழை இழந்துவிட்டோமே என்ற வருத்தம் உண்டா?

அவர் குழவியை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னதை நண்பர் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். "எதை இழந்தோம்? அப்பன்மார் தமிழர். அம்மாமார் இந்த ஊர். பிள்ளையைத் தூக்கி வைத்துப் பேசியது யார்? அம்மா. அம்மா பேசியது பிள்ளைக்கு வந்தது. அப்பா கொண்டுவந்த சாமியை அம்மா விடாமல் கும்பிட்டாள். அதுவும் பிள்ளைக்கு வந்தது."

தாய்மொழி என்ற சொல்லை நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் முதல் பாதியை அன்றுதான் கேட்டேன். அந்த மலாய்ப் பெண்கள், ஜாவாப் பெண்கள், பெயர் எதுவும் எழுதப்படாதவர்கள், தங்களுக்குப் புரியாத மந்திரத்துக்கு விளக்கேற்றி, தாங்கள் அறியாத ஊரின் மூதாதையருக்குச் சோறு வைத்து, அதைத் தங்கள் மொழியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போகியும் பொங்கலும் அவர்கள் கையில்தான் இத்தனை நூற்றாண்டு கடந்திருக்கின்றன. நண்பர் மொழிபெயர்த்து முடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "நாளைக்கு மகளை அழைச்சிட்டு வரலாமான்னு கேக்கட்டுமா அண்ணே?" என்றார். நெனேக்கிடம் கேட்டார். அவர் தலையசைத்தார்.

மாலையில் போகிப் பார்ச்சு, அதாவது மூதாதையருக்கான படையல். கூடத்தைப் பெருக்கித் துடைத்து, தலைவாழை இலைகளை வரிசையாகப் போட்டார்கள். தேங்காய்ப்பால் சோறு, கோழிக்கறி, மீன் பிண்டாங், சம்பால், கத்தரிக்காய், கான்டா கஸ்தூரி, பழங்கள். ஓர் இலைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை கறுப்புக் காப்பி, அது மாமனாருக்கு. இன்னோர் இலையில் உப்புக்கண்டம் மட்டும் இருமடங்கு. அது சின்ன வயதில் போன ஒரு மைத்துனருக்குப் பிடிக்குமாம். இறந்தவர்களின் ருசி ஒன்றுவிடாமல் நெனேக்குக்கு நினைவிருந்தது. மருமகள் ஒரு கிண்ணத்தைத் தவறான இலையில் வைத்தபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மாற்றி வைத்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தணலில் கெமெஞான் போட்டார்கள். புகை எழுந்ததும் தெரிந்துவிட்டது, சாம்பிராணி. மூத்த மகன் தூபக்காலை எடுத்து இலைகளைச் சுற்றிவந்தார். குடும்பம் முழுக்க மண்டியிட்டது. பள்ளிச் சீருடையோடு ஓடிவந்த ஒரு பேத்தியும் பையைக் கழற்றாமலே மண்டியிட்டாள்.

நெனேக் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றும் தமிழ்ப் பெயர், மலாய் நாக்கில். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, வாசலைப் பார்த்து, குழந்தையைச் சோற்றுக்கு அழைக்கும் குரலில், "மாரி. மாரி, மாக்கான்" என்றார். வா. வா, சாப்பிடு.

பிறகு எல்லோரும் எழுந்து வெளியே வந்தோம். மூதாதையர் உண்ணும் நேரத்தில் நாம் உள்ளே நிற்கக் கூடாது. யாரோ கூடத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். திண்ணையில் நண்பர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது, அடுக்குமாடிகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கோயில் பக்கமிருந்து வேப்பமரக் காற்று வந்தது. நெனேக் கதவோரம் காதை வைத்தபடி நின்றார். கொஞ்ச நேரம் போனதும் திரும்பி எங்களைப் பார்த்து, கதவைத் திறந்துகொண்டே கையசைத்தார்.

"மாரி" என்றார்.